ஈரம் திருப்பாது

நியூ ஆர்லியன்ஸில் எது கெட்டாலும் ஈரத்தின் மேல்தான் பழி போடுவார்கள். கதவு சிக்கினால் ஈரம், உப்பு கட்டியானால் ஈரம், முழங்கால் வலித்தால் ஈரம். கல்யாணம் முறிந்தால்கூட அந்த வீட்டில் ஏ.சி. சரியில்லை என்பார்கள். பல்கலைக்கழகத்தில் டாக்டர் மேயூவின் ஆய்வகத்தில் இந்தப் பழக்கம் இன்னும் முற்றிப் போயிருந்தது. அங்கே வேலையே சியோலைட்டில்தான். பார்வைக்கு மைதா மாவு போல இருக்கிற கனிமம் அது. ஒவ்வொரு துகளுக்குள்ளும் எண்ணி மாளாத குட்டிக் குட்டி அறைகள். அறை காலியாகக் கிடந்தால் காற்றில் இருக்கிற தண்ணீரையெல்லாம் இழுத்துக் குடித்துவிடும். அதனால் ஐநூறு டிகிரி உலையில் போட்டு நன்றாக வறுத்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஒரு வார வேலை வீண்.

ஓடில் ஆர்சனோவுக்கு அது முனைவர் படிப்பில் ஆறாவது வருடம். முப்பத்தொரு வயது. ஹூமா பக்கத்து இறால் படகுக்காரர் மகள். பட்டம் வாங்கிவிட்டு ஊரிலிருந்து இருபது மைல் தள்ளி ஒரு சின்னக் கல்லூரியில் ஆகஸ்ட் மாதம் வேலைக்குச் சேர வேண்டும். கடிதம் வந்தாகிவிட்டது. மே மாதம் பட்டம் பெறுவோர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. வாய்மொழித் தேர்வுக்கு மார்ச் ஐந்து என்று தேதியும் குறித்தாயிற்று. 1999ஆம் வருடம், பிப்ரவரி. கார்னிவல் முடியும் மார்டி க்ரா திருநாளுக்கு இன்னும் எட்டு நாள்.

அவள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. சியோலைட்டின் அறைகளுக்குள் ஒரு மூலக்கூறை அடைப்பாள். அதன்மேல் புற ஊதா விளக்கை அடிப்பாள். வெளிச்சம் பட்டதும் அது வேறொன்றாக மாறும். மாறுகிறபோது இரட்டையாக மாறும், இடக்கையும் வலக்கையும் போல. பார்க்க ஒரே அச்சு, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. வெறும் வெளிச்சத்துக்குப் பாரபட்சம் தெரியாது, பாதிக்குப் பாதி கொடுக்கும். மருந்து செய்கிறவர்களுக்கோ ஒரு கைதான் வேண்டும். மறு கை சில நேரம் சும்மா கிடக்கும், சில நேரம் ஆளைக் கெடுக்கும். அறைக்குள் கூடவே எஃபெட்ரின் என்கிற, ஒரே கையாகக் கிடைக்கும் மூலக்கூறு ஒன்றையும் நுழைத்துவிட்டால் அந்த நெருக்கடியில் மூலக்கூறுக்குத் திரும்ப இடமிருக்காது. ஒரு பக்கமாகத்தான் சாயும். எண்பதுக்கு இருபது என்று ஒரு கை மிஞ்சி வரும்.

எந்தக் கை என்று யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். கலவையை ஒரு மெல்லிய எஃகுக் குழாய் வழியே தள்ளுவார்கள். குழாயின் உள்பூச்சில் ஒட்டி ஒட்டி இரட்டையில் ஒன்று முந்தி வரும், ஒன்று பிந்தி வரும். தாளில் இரண்டு மேடுகள் விழும். கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் அல்ஃபோன்ஸுக்கு இரட்டைப் பிள்ளைகள். முந்தி வருவதை மூத்தவன் என்றும் பிந்தி வருவதை இளையவன் என்றும் அவர்தான் பெயர் வைத்தார். ஆய்வகம் முழுக்க அதுவே பிடித்துக்கொண்டது.

ஓடிலின் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் உயிர்நாடி. அறைச் சுவரில் சோடியம் இருந்தால் மூத்தவன் மிஞ்சுகிறான், சோடியத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தை வைத்தால் இளையவன் மிஞ்சுகிறான். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சுவரில் உள்ள உலோகத்தை மட்டும் மாற்றிக் கையைத் திருப்பிவிடலாம் என்றால் சும்மாவா? கட்டுரை ஏற்கப்பட்டு, அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்திருந்தது. டாக்டர் மேயூ அதைப் பற்றிப் பேச மூன்று ஊர்களுக்கு அழைக்கப்பட்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் ஓடிலின் மேசைக்கு வந்து, "அந்த சோடியம் படம் கொஞ்சம் அழுக்கா இருக்கு. புதுசா ஒண்ணு ஓட்டிக் குடுத்துடு. ஸ்லைடுல பெரிசாத் தெரியும்ல," என்றார்.

ஒரு நாள் வேலை. ஓட்டினாள். தாளில் விழுந்ததைப் பார்த்தாள். மூத்தவன் இருபது, இளையவன் எண்பது.

முதலில் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று நினைத்தாள். இல்லை. பிறகு அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் நினைப்பதை நினைத்தாள். ஈரம் புகுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை புதிதாக வறுத்து ஓட்டினாள். இருபத்தொன்று, எழுபத்தொன்பது. உலையின் வெப்பமானியைச் சரிபார்த்தாள், கரைப்பானைக் காய்ச்சி வடித்தாள், புது சியோலைட் ஜாடியைத் திறந்தாள். புதன்கிழமை இருபது, எண்பது.

அன்று மின்னஞ்சலைத் திறந்தபோது ஓசாகாவிலிருந்து மறுபடியும் குவபாரா சிஹோ எழுதியிருந்தாள். அங்கே ஒரு ஆய்வகத்தில் முதுகலை மாணவி. அச்சுக்குப் போகும் முன்பே மேயூ அனுப்பிவைத்த கட்டுரையைப் பார்த்து அதையே செய்துபார்க்கிறாள். மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கடிதமும் மன்னிப்பில் ஆரம்பித்து மன்னிப்பில் முடியும். "உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். சோடியமும் பொட்டாசியமும் எனக்கு இன்னும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. என் கை பழகவில்லை. ஈரத்தைச் சரியாக விலக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். மன்னிக்கவும்."

இதற்கு முந்தைய கடிதங்களுக்கு ஓடில் என்ன பதில் எழுதினாள் தெரியுமா? இன்னும் நன்றாக வறுக்கவும். இரண்டு தடவை அதையே எழுதினாள். இரண்டாவது தடவை கொஞ்சம் சலிப்போடு.

கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் வருடம் சேர்ந்த அன்று டாக்டர் மேயூ ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லும் பாடம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் புகுந்தால் வித்தியாசம் அழியும். எண்பது இருபது என்பது அறுபது நாற்பதாகும், கடைசியில் ஐம்பது ஐம்பதாகும். இங்கே எதுவும் அழியவில்லை. எண்பதும் இருபதும் சிந்தாமல் சிதறாமல் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. ஈரம் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை கருவி அறைக்குப் போனாள். அல்ஃபோன்ஸ் நாற்காலியில் சாய்ந்து தன் ஊர்வலக் குழுவின் தொப்பியில் இறகு தைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. வேலை நேரத்தில் இதைச் செய்வதற்கு அவர் வெட்கப்பட்டதில்லை. கார்னிவல் வாரத்தில் அந்த ஊரில் யாரும் வெட்கப்படுவதில்லை.

"மிஸ்டர் அல்ஃபோன்ஸ், செப்டம்பர் புயலுக்கு அப்புறம் இந்த மெஷின்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"மாத்தாம? ஊரே கெளம்பி ஓடுனீங்க. நாலு நாள் கரண்ட் இல்ல. கரைப்பான் ஆவியாப் போயி, குழாய் காய்ஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு. டிராயர்ல இன்னொண்ணு இருந்துச்சு. எடுத்து மாட்டுனேன்."

"அதே குழாய்தானே?"

"அதே கம்பெனி, அதே நீளம், அதே வெலை கண்ணு. உள்ள பூசுன சரக்குதான் வேற."

ஓடில் நின்ற இடத்திலேயே நின்றாள். "அதை யார்கிட்டயும் சொல்லலையா?"

அல்ஃபோன்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊசியைத் தொப்பியில் குத்தி வைத்தார். "சொல்லலையா? எழுதி ஒட்டுனேன். கொட்டை எழுத்துல. மெஷின் மூஞ்சியிலயே ஒட்டுனேன். அதுக்கு மேல என்ன, பேண்டு வாத்தியம் வெச்சா சொல்லணும்?"

"எங்க ஒட்டுனீங்க?"

இருவரும் கருவியின் முகப்பைப் பார்த்தார்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பசையின் தடம் மட்டும் மங்கலாக இருந்தது. அல்ஃபோன்ஸ் தரையில் மண்டியிட்டார். ஒரு கம்பியை வளைத்து மேசைக்குப் பின்னால் விட்டுத் துழாவினார். ஒரு பேனா மூடி வந்தது. பிறகு தூசியும் முடியும் ஒட்டிச் சுருண்டுபோன வெள்ளை ஒட்டு நாடா ஒன்று வந்தது. விரித்துக் காட்டினார். 'குழாய் மாற்றியாச்சு. வகை வேறு. கவனம்!!' என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

"பாத்தியா? புயலுக்கு அப்புறம் ஒரு வாரம் ஏ.சி. ஓடலேல்ல. பசை புடிக்கல," என்றார். "எல்லாம் ஈரம்."

ஓடிலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு நின்றபோது கண்ணில் தண்ணீர் இருந்தது.

புயலுக்கு அவள் ஹூமாவுக்குப் போனவள், அப்பாவின் வீட்டுக் கூரையைச் சரிசெய்துவிட்டு எல்லாருக்கும் பிறகுதான் திரும்பி வந்தாள். வந்ததும் முறைப்படி பாதிக்குப் பாதிக் கலவையைச் செலுத்திப் பார்த்தாள். அழகாக இரண்டு மேடு விழுந்தது. நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. கரைப்பான் அளவு மாறியிருக்கும் என்று விட்டுவிட்டாள். பாதிக்குப் பாதியில் யார் மூத்தவன், யார் இளையவன் என்று எப்படித் தெரியும்? சோடியம் முழுக்கப் புயலுக்கு முன்னால் ஓட்டியது. பொட்டாசியம் முழுக்கப் பின்னால் ஓட்டியது. பூச்சு மாறினால் முந்தி வருகிறவன் பிந்தி வரலாம் என்று இரண்டாம் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். பூச்சு மாறியதுதான் தெரியாது.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. ஆகஸ்டில் சோடியத்தை வைத்து விளக்கடித்து எடுத்த சரக்கில் ஒரு சிட்டிகைப் பொடி குப்பியில் பத்திரமாக இருந்தது. அன்றைக்கு அதைச் செலுத்தியபோது மூத்தவன் எண்பது. அதே குப்பி, அதே பொடி. கரைத்துச் செலுத்தினாள். இருபது நிமிடம். அல்ஃபோன்ஸும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேனா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மேடு சின்னது. இரண்டாவது ஏறிக்கொண்டே போனது.

"எவ்வளவு மோசம் கண்ணு?" என்று அல்ஃபோன்ஸ் கேட்டார்.

"நாலாவது அத்தியாயம் மொத்தமும் பொய்."

அவர் நாடாவை உருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப சொல்லு. தோணலேன்னா அதுவும் உன் இஷ்டம்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அடுத்த இரண்டு நாளும் அவளைப் படுத்தியது. சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? மார்ச் ஐந்து போய்விடும், மே வந்துவிடும், ஆகஸ்டில் கல்லூரியில் கரும்பலகை முன் நிற்பாள். பிறகு ஒரு நாள் ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினால் ஆயிற்று. எத்தனையோ பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவள் பயந்தாள், அதை மறைப்பானேன். ஆறு வருடத்தை இழக்கப் பயந்தாள். முட்டாள் என்று பெயர் வாங்கப் பயந்தாள். ஆனால் பல் விளக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் ஓசாகாவில் ஒரு பெண் உலை முன்னால் நின்று வறுத்ததையே திரும்ப வறுத்துக்கொண்டிருப்பது மனதில் வந்து வந்து நின்றது.

டாக்டர் மேயூ வெள்ளிக்கிழமையிலிருந்தே ஆய்வகத்துக்கு வரவில்லை. கார்னிவல் ஞாயிறு அன்று பகலில் அவரை எங்கே பிடிக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊர்வலம் போகும் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில், நெப்போலியன் முனையில், ஊதா வர்ணம் அடித்த ஏணிக்குப் பின்னால். ஏணியின் உச்சியில் பலகை அடித்த இருக்கை. அதில் அவர் பேத்தி மார்கோ. பிள்ளை மேலே இருக்கும்வரை பெரியவர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றே ஆக வேண்டும், அங்கே இங்கே நகரக் கூடாது. ஓடில் அதை யோசித்துத்தான் போனாள்.

"ஓடில்! வா வா. சிக்கன் இருக்கு, எடுத்துக்கோ," என்றார் மேயூ. கழுத்து நிறைய மணிமாலை. "தேர்வுக்குப் படிக்காம இங்க என்ன பண்ற?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டாக்டர் மேயூ."

"அண்ணே! அண்ணே! இங்க ஒண்ணு போடுங்கண்ணே!" என்று மேலே மார்கோ தொண்டை கிழியக் கத்தினாள். ஊர்வல வண்டியிலிருந்து ஒரு கொத்து மணிமாலை பறந்து வந்து மேயூவின் தலையில் விழுந்தது. அவர் ஏணியை விடவில்லை.

ஓடில் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. புயல், குழாய், நாடா, ஆகஸ்ட் குப்பி என்று வரிசையாகச் சொன்னாள். நடுவில் ஒரு பள்ளியின் வாத்தியக் குழு முழங்கிக்கொண்டு போனதால் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. 'எல்லாம் தப்பு' என்று அவள் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து ஏணிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மேயூவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "ஈரமா இருக்குமோ? நல்லாப் பாத்தியா?"

"ஈரம் அழிக்கும், திருப்பாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

அவர் ஏணியின் குறுக்குக் கட்டையையே பார்த்தார். ஒரு வண்டி போனது. இன்னொன்று வந்தது.

"இதப் பாரு. மார்ச் அஞ்சுக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. நீ போயி தேர்வ முடி. டிகிரி கைக்கு வரட்டும். ஜூன்ல நானே பத்திரிகைக்கு எழுதறேன், தப்பு நடந்துபோச்சுன்னு. என் பேர்லயே எழுதறேன். உனக்கு ஒரு சேதாரமும் வராது."

அவர் கெட்டவர் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். தன்னையும் கொஞ்சம். ஓடிலுக்கு அந்த நிமிடம் தலையாட்டிவிட்டால் போதும் என்றிருந்தது. தலை கிட்டத்தட்ட ஆடியும்விட்டது.

"ஓசாகாவுல அந்தப் பொண்ணு?" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"குவபாரா. மூணு மாசமா என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கா. அவ செஞ்சது சரி. நான் போயி ரெண்டு தடவ நல்லா வறுன்னு எழுதுனேன். ஜூன் வரைக்கும் அவ வறுத்துக்கிட்டே இருக்கணுமா?"

"தாத்தா, ஏணி ஆடுது!" என்றாள் மார்கோ.

மேயூ கால்களை அகற்றி ஊன்றி நின்றார். குரல் உயர்ந்தது. "மூணு அத்தியாயத்த வெச்சுக்கிட்டு எந்தக் குழுவும் கையெழுத்துப் போடாது, தெரியும்ல? மே போச்சு. உன் காலேஜ் வேலை போச்சு. எனக்கு மூணு ஊர்ல போயி நின்னு அசடு வழியணும். அந்தக் கிழவன் ரெண்டு ஆணி அடிச்சு மாட்டியிருந்தா…"

"அவர் எழுதித்தான் ஒட்டுனார். நான் கேக்கல. மெஷின் அறைக்குப் போயி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அது என் தப்பு."

மேயூ நிமிர்ந்து அடுத்த வண்டியைப் பார்த்தார். ஓடில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். பின்னாலிருந்து, "சிக்கன் எடுத்துட்டுப் போ," என்ற குரல் கேட்டது. கோபத்தோடுதான் சொன்னார். அவள் எடுத்துக்கொண்டு போனாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

கார்னிவல் முடிந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று ஊர் தலைவலியோடு எழுந்தது. நடைபாதையெங்கும் மணிகள் நெரிபட்டன. ஆய்வகத்தில் பாதிப் பேர் நெற்றியில் சாம்பல் குறியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓடில் குவபாராவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தாள். சரியான அட்டவணையும் கூட அனுப்ப வேண்டுமே. பழைய அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேதி பார்த்தாள். புயலுக்கு முன்னால் என்றால் அப்படியே விட வேண்டும். பின்னால் என்றால் இரண்டு எண்ணையும் இடம் மாற்ற வேண்டும்.

சோடியம், ஆகஸ்ட். அப்படியே விட்டாள். மூத்தவன் எண்பது.

பொட்டாசியம், அக்டோபர். மாற்றினாள். மூத்தவன் எழுபது. சோடியம் பக்கமே. போகட்டும்.

லித்தியம், நவம்பர்.

பேனா நின்றது. லித்தியத்தை அவள் மறந்தே போயிருந்தாள். நவம்பரில் ஓட்டியபோது மூத்தவன் அறுபத்தைந்து, சோடியத்தைப் போலவே. சுவாரசியம் இல்லை என்று கட்டுரையின் பின்னிணைப்பில் கடைசி வரியாகத் தள்ளிவிட்டிருந்தாள். நவம்பர் என்றால் புதுக் குழாய். மாற்ற வேண்டும். மாற்றி எழுதினாள். இளையவன் அறுபத்தைந்து.

அந்த வரியை அவள் வெகுநேரம் நம்பவில்லை. ஒரு தடவை ஏமாந்தவள் அல்லவா. உலையில் சோடியத்தையும் லித்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் இரண்டையும் ஒரே விளக்கின் கீழ், ஒரே கரைப்பானில், ஒரே குழாயில், ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டினாள். ஓட்டும் முன் அல்ஃபோன்ஸைக் கூப்பிட்டு, "இன்னிக்கு எதையாச்சும் மாத்துனீங்களா?" என்று கேட்டாள்.

"என் சட்டைய மாத்துனேன்," என்றார் அல்ஃபோன்ஸ்.

சோடியம் ஒரு பக்கம் சாய்ந்தது. லித்தியம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சுவரின் உலோகத்தை மாற்றினால் கை திரும்பத்தான் செய்கிறது. அவள் சொன்ன உலோகம்தான் தவறு. இல்லாத ஒன்றைக் காட்டிய அதே உதிர்ந்த நாடா, இருந்த ஒன்றை மூன்று மாதமாக மறைத்தும் வைத்திருக்கிறது.

கடிதத்தை முடித்து அனுப்பினாள். நடந்ததை எல்லாம் எழுதினாள். கடைசியில், "லித்தியத்தை உங்கள் குழாயில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க முடியுமா? என் பேச்சை நம்பாமல் பாருங்கள்," என்று கேட்டாள்.

சேதி மேயூவின் காதுக்கு எட்டியது. வெள்ளிக்கிழமை அவரே மேசைக்கு வந்தார். இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்தார். ஞாயிறன்று வடிந்த சிரிப்பு திரும்பிவிட்டிருந்தது. "இது முன்னதவிட நல்லா இருக்கு. பேர மட்டும் மாத்தி அத்தியாயத்த எழுதிடு. மார்ச் அஞ்சையே வெச்சுக்கலாம். தப்பிச்சே போ!"

அப்போதுதான் ஓசாகாவிலிருந்து பதில் வந்திருந்தது. ஓடில் திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினாள்.

"உங்கள் கடிதத்துக்கு மிகவும் நன்றி. லித்தியத்தை நான் புதிதாக ஓட்ட வேண்டியதில்லை. டிசம்பரில் மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் சோடியத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. உங்கள் அட்டவணையில் லித்தியமும் சோடியமும் ஒரே பக்கம் என்று இருந்தது. அதனால் குப்பிகளை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து அந்தத் தாள்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். பேராசிரியரிடமும் காட்டவில்லை, வெட்கமாக இருந்தது. உடனே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். மன்னிக்கவும்."

மேயூ படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அவளோடது டாக்டர் மேயூ," என்றாள் ஓடில். "நான் நவம்பர்ல ஓட்டுனேன், ஆனா பாக்கல. அவ டிசம்பர்ல பாத்தா. என் அட்டவணைதான் அவ வாய அடைச்சுச்சு. அவ தாள் வரட்டும், ரெண்டு பேரும் சேந்து எழுதறோம். அவ பேர் முதல்ல."

"அதுக்கு ஜூலை ஆயிடும்."

"ஆகட்டும்."

"உன் வேலை?"

"இன்னிக்கே போன் பண்ணிடறேன்."

பண்ணினாள். கல்லூரியின் முதல்வர் அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆனால் ஆகஸ்டில் வகுப்பில் ஆள் நின்றாக வேண்டும் என்றார். பட்டியலில் அடுத்தவர் ஒருவர் இருந்தார். ஓடில் நன்றி சொல்லி வைத்தாள். வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதாள். முகம் கழுவிக்கொண்டு கருவி அறைக்கு வந்தாள்.

அல்ஃபோன்ஸ் அந்தப் பழைய நாடாவை இஸ்திரி போட்டதுபோல் நேராக்கி, நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கிக் கருவியின் முகப்பில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப யாருதான் மூத்தவ? நீயா, அந்தப் பொண்ணா?" என்று கேட்டார்.

"அவதான்," என்றாள் ஓடில். திருப்புளியை வாங்கி நான்காவது ஆணியை அவளே முடுக்கினாள்.